பெயர் கழுவிப்போன பாத்திரங்கள்

வெண்டல் ஹேகனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தேவாலய வாசலில் நின்று கூவுவதும் ஒன்றுதான். இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். எந்தப் பையன் வீட்டுப்பாடத்தை ஜன்னல் வழியே வீசினான், எந்த வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் வசந்தத்திலிருந்து கோடைக் கடைசி வரை ஒரு விஷயத்தைக் கட்டிய மனைவியிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார். மறைத்த இடம் கார் ஷெட். பழைய போர்வைக்குக் கீழே முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள்.

கென்டக்கியில் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் படுக்கையோ சாவோ என்றால், அந்த வீட்டு அடுப்பை எரிய விடமாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்து மூடிய பாத்திரங்கள் வந்து இறங்கும். கோழியும் நூடுல்ஸும், பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, பீன்ஸ், பன்றித்தொடை. ஊரில் பாதி வீடுகளில் இருப்பது ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாத்திரம் என்பதால், அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுவார்கள். வீடு தலைநிமிர்ந்த பிறகு பாத்திரம் திரும்பிப் போகவேண்டும். வெறுமையாகப் போகக்கூடாது. கொடுத்தவரும் "என் பாத்திரம் எங்கே" என்று வாய்திறந்து கேட்கக்கூடாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மீறியவர்களை அவர்கள் பேரன் காலம் வரை ஊர் நினைவில் வைத்திருக்கும்.

வெண்டலின் மனைவி ரோசலிக்குப் புற்றுநோய் என்று கீமோ ஆரம்பித்தபோது பாத்திரங்கள் வந்து குவிந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பது ரோசலியின் பாத்திரம்தான். படுக்கையில் விழுந்த அன்றே அவர் கணவரிடம் ஒன்றைச் சொன்னார்.

"பாத்திரத்தையெல்லாம் கையால கழுவு, வெண்டல். மெஷின்ல போட்டுடாத. பேரு போயிடும்."

வெண்டல் பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது ரோசலியின் தப்பு. பேருந்து, ஆஸ்பத்திரி, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டார். முதல் தடவையிலேயே டேப்பெல்லாம் உரிந்து பெயர்கள் போயின. போனது போனதுதான் என்று அடுத்து வந்தவற்றையும் அதிலேயே போட்டார். பளபளவென்று வெளியே வந்த பாத்திரங்களில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. எடுத்துக்கொண்டுபோய் கார் ஷெட்டில் ஒளித்துவைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போவது தவிர மாடியறையை விட்டு இறங்க முடியாமல் கிடந்த ரோசலிக்கு அவர் தட்டில் போட்டுக் கொடுத்ததுதான் தெரியும். எந்தப் பாத்திரத்தில் வந்தது என்று தெரியாது.

அந்தக் குவியலில் ஒரு பாத்திரம் மட்டும் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

மே மாதம் ரோசலியின் வாயெல்லாம் புண். நாலைந்து நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. டாக்டர் குழாய் வைத்து ஊட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வாசற்படியில் ஒரு வெளிர்மஞ்சள் பீங்கான் பாத்திரம் இருந்தது. உள்ளே, குழையக் குழைய வேகவைத்த பால் சோறு. கொஞ்சம் சர்க்கரை, சிட்டிகை உப்பு, வேறு எதுவும் இல்லை. வெண்டல் நம்பிக்கையில்லாமல் ஒரு கரண்டி நீட்டினார். ரோசலி விழுங்கினார். இன்னொரு கரண்டி. மூன்றாவதற்கு அவரே வாயைத் திறந்தார். வெண்டல் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அதன் இரைச்சலில் அழுதார்.

அந்தப் பால் சோற்றிலிருந்துதான் ரோசலி திரும்பி வந்தார். மருந்து குணப்படுத்தியது என்பது வெண்டலுக்கும் தெரியும். ஆனாலும் அவர் மனசுக்கு அந்தப் பாத்திரம்தான். கொண்டுவைத்தவரைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் கட்டை வேகாது என்று இருந்தது அவருக்கு. பெயரையோ அவரே கழுவி ஊற்றிவிட்டிருந்தார். ஜாடைமாடையாக இரண்டு மூன்று பெண்களிடம் விசாரித்தும் பார்த்தார். "பால்ல வேகவெச்ச சோறா? நான் கொண்டுவந்தா ஒழுங்கா ஏதாவது கொண்டுவருவேன்" என்று ஒருத்தி கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகஸ்டில், கட்டி சுத்தமாகக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். இனி பாத்திரங்களைத் திருப்பாமல் இருக்க முடியாது. வெண்டல் தன் அக்கா இமோஜினைக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கினார்.

இமோஜின் போர்வையின் மறுமுனையையும் இழுத்துப்போட்டார்.

"மெஷின்லயா போட்ட?" என்றார்.

"ஆமாக்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"உனக்கு பஸ் ஓட்ட லைசென்ஸ் குடுத்தவனைத் தேடிப் பிடிக்கணும்டா." இமோஜின் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். மஞ்சள் பாத்திரத்தில் கை நின்றது. அதன் ஒரு பக்கக் காது எப்போதோ உடைந்து, பசை போட்டுக் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. "இதைப் பாரு. எவன் ஒட்டினான்?"

"எவனோ கையாலாகாதவன்" என்றார் வெண்டல். "ஆனா அக்கா, இதான் அந்தப் பால் சோறு வந்தது. யாரோடதுன்னு தெரிஞ்சே ஆகணும்."

"வீடு வீடாப் போய்க் கேளேன்."

"கேட்டா ரோசலிக்குத் தெரிஞ்சுடும். மத்தவங்களும், நம்ம பாத்திரம் இவனுக்கு ஞாபகம் இல்லையான்னு நினைப்பாங்க."

யோசனை வெண்டலுக்குத்தான் வந்தது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்கவேண்டாம். தொழிலாளர் தினத்துக்கு, அதாவது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பின்புறத்திலும் புகை கிளம்பும். கோடையை வழியனுப்புகிற சாப்பாடு அது. அன்றைக்கு எல்லாரையும் தன் வீட்டுக்கே கூப்பிடுவது. ஆட்டைச் சுட்டு, பாத்திரம் பாத்திரமாக நிரப்பி, நீள மேசைகளில் வரிசையாக வைத்துவிட்டு, "அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவது. தன் பாத்திரம் எது என்று பெண்களுக்குத் தெரியும். மஞ்சள் பாத்திரத்தை யார் எடுக்கிறார்களோ அவர்தான்.

"கேவலமா இருந்தாலும் நல்ல யோசனைதான்" என்றார் இமோஜின்.

அந்த வாரம் முழுக்க வெண்டலுக்குத் தலைக்கு மேல் வேலை. தேவாலயத்திலிருந்து மடக்கு மேசைகளைப் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்; அதற்கு அனுமதி வாங்கினாரா என்பது நமக்கு வேண்டாம். இமோஜின் முட்டைக்கோஸ் சாலட்டையும் உருளைக்கிழங்கையும் பொறுப்பேற்றுக்கொண்டு, கூடவே எல்லாரையும் அதட்டும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். கறிக்கடைக்காரர் முற்றிய செம்மறியின் முன்தொடைகளை ஒதுக்கிவைத்தார். மற்ற ஊர்களில் பன்றியைச் சுடட்டும், மாட்டைச் சுடட்டும். எங்களுக்குக் கிழட்டுச் செம்மறிதான். முரட்டுக் கறி. பொழுது விடிவதற்கு முன்பே தணலில் ஏற்றினால்தான் சாயங்காலத்துக்கு எலும்பை விட்டு நழுவும்.

நெருப்புக்குக் கோய் எம்ப்ரி வந்தார். மூன்று வீடு தள்ளித் தனியாக இருக்கிறவர். புல்வெட்டும் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர். மனைவி வெர்னா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வெண்டல் ஒரு நாளில் பேசுவதைக் கோய் ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வார். அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். இருவரும் சேர்ந்து பின்புறத்தில் சிமெண்ட் கற்களை இடுப்பளவு அடுக்கி, மேலே கம்பிவலை போட்டார்கள். பக்கத்தில் தனியாக ஹிக்கரி மர விறகை எரித்து, கங்கு விழ விழ அள்ளிக் கற்களுக்கு நடுவே பரப்புவது கோயின் வேலை. வெண்டலுக்கு வாளியும் புதுத் துடைப்பமும். தரை துடைக்கிற நூல் துடைப்பம்தான். வினிகர், மிளகு, எலுமிச்சை, கறுப்புச் சாஸ் எல்லாம் கலந்த சாற்றில் அதை முக்கி, கறியின் மேல் அடிக்கடி பூசவேண்டும். இல்லாவிட்டால் கிழட்டு ஆடு கட்டையாகிவிடும்.

திங்கட்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது கறி வலைமேல் ஏறிவிட்டது. வெண்டலின் வாயும் திறந்துவிட்டது. பாத்திரக் கதை முழுவதையும் கோயிடம் கொட்டினார். மெஷினைச் சொன்னார், கார் ஷெட்டைச் சொன்னார், பால் சோற்றைச் சொன்னார்.

"அந்தப் பொம்பளை மட்டும் கிடைக்கட்டும், கோய். கால்ல விழுந்துடுவேன்."

கோய் கங்கை அள்ளிக்கொண்டே, "ஏன், பொம்பளைதான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"பின்ன? ஆம்பளை யாராவது அவ்வளவு பதமாச் சோறு வேகவைப்பானா? நம்மளைப் பாரு."

"அதுவும் சரிதான்" என்றார் கோய். அள்ளியதைப் பரப்பிவிட்டு, "யாரா இருந்தா என்ன, வெண்டல். சாப்பிட்டாங்க இல்ல."

"உனக்குப் புரியாதுய்யா" என்றார் வெண்டல். சொன்ன பிறகுதான் வெர்னாவின் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கோய் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இந்தப் பக்கம் கொழுப்பு சொட்டுது, தொடையை நகர்த்து" என்று மட்டும் சொன்னார்.

மதியத்துக்குமேல் ஊர் வந்து நிறைந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாலு மணிவாக்கில் கறியை இறக்கி, பிய்த்து, பாத்திரங்களில் நிரப்பி மேசைகளில் வைத்தார்கள். அப்புறம் இமோஜின் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே அழைத்து வந்தார். ரோசலியின் தலையில் ஒரு பூப்போட்ட துணி. இளைத்துப் பாதியாகியிருந்தார். மேப்பிள் மரத்தடி நாற்காலிவரை தானே நடந்து போய் உட்கார்ந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் அவரிடம் பேச ஆரம்பித்தார்கள்.

வெண்டல் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். நாலு நாளாகக் கண்ணாடிமுன் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டார்.

"நீங்க எல்லாரும் எங்களுக்குச் சோறு போட்டீங்க" என்றார். "ஒரு நாள்கூட விடல. என் ரோசலி அதோ உட்கார்ந்திருக்கா. நான் வேற என்ன சொல்ல? அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துக்கோங்க. நன்றி."

இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று யாரும் கேட்காமலேயே காரணம் சொன்னார்.

பாத்திரங்கள் கிளம்பின. ஒரே கண்ணாடிப் பாத்திரத்துக்கு இரண்டு பெண்கள் கைநீட்டி, நீ எடுத்துக்கோ இல்லை நீ எடுத்துக்கோ என்று உபசாரத்திலேயே சண்டைவரை போனார்கள். இன்னொருத்தி தன்னுடையதைவிடப் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நடந்ததை இமோஜின் பார்த்தார், பார்த்ததை மறக்கப்போவதில்லை. வெண்டலின் கண் மட்டும் மஞ்சள் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. யாராவது அதன் பக்கம் வந்தால் மூச்சை அடக்கினார். வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். மேசைகள் காலியாகின. ஆட்கள் வந்து ரோசலியைக் கட்டியணைத்து விடைபெற்றார்கள். வெயில் சாய்ந்தபோது நீள மேசையில் மிச்சமிருந்தது அந்த ஒரே பாத்திரம், நிறையக் கறியோடு.

தேவாலயக்காரர்கள், பேருந்துக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் வரை கூப்பிட்டாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் போயும் ஆயிற்று. இனி எங்கே தேடுவது? பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய், ரோசலியின் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரோசலி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"மெஷின்ல போட்டதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெண்டல்.

"அத்தனை பாத்திரம் மேசையில இருக்கு, ஒண்ணுலகூட டேப்பு இல்ல. எனக்கு முடிதான் கொட்டிச்சு வெண்டல், மூளை கொட்டல." ரோசலி சிரித்தார். "விடு. எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு."

"ஒண்ணு சேரலையே. இதோ இதுலதான் உனக்குப் பால் சோறு வந்துச்சு. நீ முதல்ல சாப்பிட்டியே, அது. யாரு கொண்டுவந்தாங்கன்னு பேரைக் கழுவித் தொலைச்சுட்டேன். அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம..."

ரோசலி பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். கோணல் காதின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல பேரே இருந்திருக்காது" என்றார்.

"ஏன்?"

"இது நம்ம பாத்திரம்."

வெண்டல் பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் காதை உடைச்சது யாரு? நீ. ஒட்டினது யாரு? நீ. வேண்டாம், தூக்கிப் போட்டுடலாம்னு சொன்னேன். கேட்டியா?"

கையாலாகாதவன் என்று தான் சொன்னது வெண்டலின் காதில் ஒலித்தது. இமோஜின் கேட்கிற தூரத்தில் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்கள் ஊரில் அது ஒரு பொது வியாதி.

"நம்மளோடதுன்னா, வெளியிலேர்ந்து எப்படி வந்துச்சு?"

ரோசலி யோசித்தார். "வருஷக்கணக்கா இது நம்மகிட்ட இல்ல. யாருக்கோ அனுப்பினேன், திரும்பி வரல. நானும் கேட்கல. யாருக்கு அனுப்பினேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மக்ரோனி. வெர்னா போன அன்னைக்கு."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சிமெண்ட் கற்களுக்கு அருகே கோய் எம்ப்ரி முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகும், யாரும் சொல்லாமலேயே.

"கோய்" என்று ரோசலி கூப்பிட்டார். "இங்க வா."

கோய் வந்தார். மடியில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார். ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பக்கவாட்டிலும் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலையிலேர்ந்து உன் பக்கத்துலதானய்யா நின்னேன்" என்றார் வெண்டல். "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பாத்திரம் உங்களுது. நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார் கோய். பிறகு ரோசலியைப் பார்த்து, "ரொம்ப லேட்டாத்தான் திருப்பினேன். தப்புதான். வெறும் பாத்திரமாத் தரக்கூடாது இல்லையா. எனக்குச் சமைக்கத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான். வெர்னாவுக்குக் கடைசியில அது ஒண்ணுதான் இறங்கிச்சு. அவளே படுத்துக்கிட்டுச் சொல்லச் சொல்லக் கத்துக்கிட்டேன்."

"அப்பவே அதைச் செஞ்சு கொண்டுவந்திருக்கலாமே."

"அது நோயாளிங்க சாப்பாடு, ரோசலி. நல்லா இருக்கிற வீட்டுக்கு அதை எப்படித் தூக்கிட்டு வர்றது?" கோய் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். "இந்தப் பாத்திரம் என்கிட்டயே இருந்துடட்டும்னுதான் நினைச்சேன். திருப்பித் தர்ற நாள் வரவே கூடாதுன்னு."

வெண்டல் எழுந்தார். கோயின் கரிபடிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ சாப்பிட்டா, கோய்" என்றார். "நீ கொண்டுவந்ததைத்தான் சாப்பிட்டா. நன்றி."

"சரி, சரி" என்றார் கோய். கையை உருவிக்கொள்ளவில்லை.

ரோசலி பாத்திரத்தின் மேல் அலுமினியத் தாளை இழுத்து மூடினார். மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"கொண்டுபோ. கறி நிறைய இருக்கு, ஒரு வாரத்துக்கு வரும்."

"மறுபடியும் என்கிட்டயா? எப்படித் திருப்புவேன்?"

"எதையாவது பண்ணி நிரப்பி. தீய்ஞ்சு போனாலும் பரவாயில்ல. பால் சோறு மட்டும் கொண்டுவராத."

கோய் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திரத்தை வாங்கினார். உடைந்து ஒட்டிய காதை நம்பாமல் அடியில் கைகொடுத்துப் பிடித்தார்.

"வேற ஒண்ணு கத்துக்கணும்னா நாளாகும், ரோசலி. சொல்லிட்டேன்."

"ஆகட்டும்" என்றார் ரோசலி. "நான் இங்கதான் இருப்பேன்."